பேர் எழுதப் போகுமுன்: மஹய்யாவவின் இளம் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

42 நாள். பிள்ளை பிறந்ததிலிருந்து பதிவு செய்து முடிக்க இந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குக் கொடுக்கும் தவணை அவ்வளவுதான். அதில் முதல் கிழமை ஆஸ்பத்திரியோடு போய்விடும். அடுத்த கிழமை பார்க்க வரும் சொந்தக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றுவதில் போகும். பிறகு கோயில் ஐயரிடம் எழுத்துக் கேட்பீர்கள், பாதரிடமோ மௌலவியிடமோ கேட்பீர்கள், ராத்திரியில் போனைத் தடவிப் பேர்ப் பட்டியல் பார்ப்பீர்கள். அம்மாச்சி ஒன்று சொல்வார், அப்பாயி ஒன்று சொல்வார். கடைசி இரண்டு நாளில் அவசர அவசரமாகப் போய் மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவரிடம், "நீங்களே எழுதிக்கிங்க சேர்" என்று சொல்லிவிட்டு நிற்பீர்கள். இந்த மடல் அந்தக் கடைசி இரண்டு நாளைப் பற்றியது.

கண்டியில் தமிழ் பேசும் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், சத்தியக் கடதாசிக்கு வசனம் எழுதிக் கொடுப்பதும் என் பிழைப்பு. வருகிற சோலிகளில் பேர்ச் சோலிதான் ஓயாதது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பேர், பாடசாலை வரவு இடாப்பில் இன்னொரு பேர், அடையாள அட்டையில் மூன்றாவது பேர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போட் எடுக்கப் போகும்போதும், அப்பாவின் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதும்தான் பலருக்கு இது தெரியவருகிறது. இந்தப் பிணக்கெல்லாம் எங்கே தொடங்குகிறது என்று பின்னால் போய்ப் பார்த்தால், யாரோ ஒருவர் பேரை உச்சரித்த விதத்தில் போய் நிற்கும். நம் ஊரில் ஒரு பேரை ஐந்து விதமாகச் சொல்லும் வாய்கள் பக்கம் பக்கமாகக் குடியிருக்கின்றன. நகரசபை வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள், முஸ்லிம்கள், சிங்களவர், வடக்கிலிருந்து வந்து படிப்பிக்கும் ஆசிரியர்கள். இவ்வளவு பேரும் இருக்கிற இந்த ஊரின் பேரையே மஹய்யாவ, மஹியாவ, மகியாவ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

நம் பக்கத்து ஆளையே முதலில் எடுத்துக்கொள்வோம். கிரிக்கெட்காரர் முத்தையா முரளிதரன் 1972 ஏப்ரல் 17ஆம் திகதி கண்டியில் பிறந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். அவருடைய தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பேரைத் தமிழில் எழுதும்போது ஒரு தகராறும் இல்லை. ஆங்கிலத்தில் போகும்போதுதான் வந்தது வினை. நாம் 'த'வைக் காட்ட, டீச்சர் என்று எழுத வரும் 'டி'யோடு ஒரு 'எச்' சேர்த்து எழுதுகிறோம். மடக்கு நாக்கு 'ட' வேறு, பல்லில் படும் 'த' வேறு என்று காட்டுவதற்கு நம் ஆட்கள் கண்ட வழி அது. நமக்குள் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வெள்ளைக்காரன் அதைத் தன் வழியில் வாசிக்கிறான். நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டிக் காற்றை ஊதுகிறான். வடஇந்தியன் அதே எழுத்தைப் பார்த்து மூச்சுத் தள்ளிச் சொல்கிறான். இந்திப் பத்திரிகைகளில் 'முத்தையா' இன்றுவரை அப்படி மூச்சுத் தள்ளித்தான் நிற்கிறது. பந்து போட்டவர் ஒருவர், பேர் பத்து.

2007இல் அவுஸ்திரேலிய கிரிக்கெட் சபை ஷேன் வோர்னின் பேரையும் இவர் பேரையும் சேர்த்து ஒரு கிண்ணம் செய்தது. கிண்ணத்தில் வெட்டவேண்டுமே, எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டார்கள். அவர் அந்த 'டி எச்'சை எடுத்துவிட்டு, டொக்டர் என்று எழுத வரும் 'டி'யைப் போடச் சொன்னார். (இந்த இரண்டு டியையும் தமிழில் பிரித்து எழுத எனக்கே வழியில்லாமல் டீச்சரையும் டொக்டரையும் கூப்பிட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.) அதே வருஷம் டிசம்பர் 3ஆம் திகதி, மஹய்யாவவுக்குப் பக்கத்தில் அஸ்கிரிய மைதானத்தில், போல் கொலிங்வூட்டின் விக்கெட்டோடு டெஸ்ட் விக்கெட் கணக்கு 709 ஆகி வோர்னின் 708ஐத் தாண்டினார். அன்றைக்கு மைதானத்தில் இருந்த முகாம் அஞ்சலகத்தின் முதல்நாள் உறை முத்திரையிலும் அந்த டொக்டர் 'டி'தான் இருந்தது. அதே முத்திரையில் அப்பாவின் பேரான முத்தையாவுக்கு மட்டும் 'டி எச்' போட்டிருந்தார்கள்; மற்ற இடங்களில் அந்தப் பேருக்கு வருவது இரட்டை டீச்சர் 'டி'. ஆக, உலக சாதனைக்காரர் ஒருவரே ஒரு பாதியைத் திருத்தினார், மறுபாதி நழுவிவிட்டது. உலகம் முழுக்க நேர்முக வர்ணனைக்காரர்கள் 'முத்தையா' 'முத்தையா' என்று அவர் அப்பாவையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது வேறு கதை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. டொக்டர் டி போட்டு எழுதியதை ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் வாசித்தால் 'முரளிடரன்' என்றுதான் வரும். வெள்ளைக்கார வாயைச் சரிப்படுத்தப் போனால் தமிழ் வாய் கெடுகிறது. ஒரே எழுத்தால் எல்லா வாயையும் கட்டிவைக்க முடியாது. அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது எழுத்தல்ல. யாரோ எழுதி வைத்ததை வைத்துக்கொள்ளாமல், "இப்படித்தான்" என்று தானே சொன்னது. அதைச் சொல்ல அவருக்கு 35 வயது ஆகியிருந்தது. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் அதை 42 நாளுக்குள் சொல்லிவிடலாம்.

இனி யாழ்ப்பாணத்து ஆசிரியர்களிடம் வருகிறேன். "டீச்சர் என் மகளின் பேரைத் திருத்தி எழுதிவிட்டார்" என்று கோபத்தோடு என்னிடம் வரும் தாய்மார் உண்டு. ரெஜினா என்று அனுப்பினால் கொப்பியில் 'றெஜினா' என்று வந்து நிற்கும். ரமேஷ் 'றமேஸ்' ஆவான். அன்டனி 'அன்ரனி' ஆவான். இது திமிர் இல்லை, தங்கச்சி. ஆங்கிலத்தின் டீச்சர் 'டி'யைக் கேட்கும்போது நம் காதில் விழுவது வட்டம், பட்டத்தில் வரும் 'ட'. அவர்கள் காதில் விழுவது காற்று, நேற்றில் வரும் ற்ற. ஆங்கில 'டி'யை நாக்கு மடங்காமல் அவர்கள் சொல்வதுதான் உண்மையில் வெள்ளைக்காரனுக்குக் கிட்ட நிற்கும் உச்சரிப்பு. அந்த ஒலிக்கு அவர்கள் 'ர' போடுகிறார்கள். ஆகவேதான் நமக்கு டி.வி., அவர்களுக்கு ரி.வி.; நமக்கு டொரண்டோ, அவர்களுக்கு ரொறன்ரோ. 'ர'வை இதற்குக் கொடுத்துவிட்டதால், ஆங்கிலத்தின் 'ஆர்' வருகிற இடத்தில் வல்லின 'ற'வை வைக்கிறார்கள்: றோட்டு, றேடியோ, றெஜினா. அவர்கள் கணக்கில் அது முழுச் சரி.

சிக்கல் இரண்டு கணக்கும் ஒரே வகுப்பறையில் சந்திக்கும்போதுதான். 'ரொனி' என்று ஒரு பையன் பேரை எழுதுங்கள். நாம் வாசித்தால் ரொனால்டோவுக்கு வரும் 'ஆர்'. யாழ்ப்பாண ஆசிரியர் வாசித்தால் டோனி பிளேயர். இரண்டும் வெவ்வேறு பிள்ளைகள்! அடுத்த வருஷம் வேறு ஆசிரியர் வந்து வரவு இடாப்பை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதும்போது ரொனி டோனியாகிவிட்டால், சாதாரண தரப் பரீட்சை வரை அந்த டோனி கூடவே வருவான். வெற்றிவேலும் அப்படித்தான். நம் வாயில் ற்ற வரும்போது பின்னால் ஒரு சின்ன 'ர' ஒட்டிக்கொண்டு வரும், தமிழ்நாட்டிலும் அப்படி. ஆங்கிலத்தில் அதற்கொரு 'ஆர்' போடுகிறோம். யாழ்ப்பாணத்தில் அந்த 'ர' கிடையாது, இரட்டை 'டி' மட்டும் போடுவார்கள். அந்த ஸ்பெல்லிங்கைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும் லிகிதர் 'வெட்டிவேல்' என்று எழுதினால், பையனின் கல்யாணப் பத்திரிகை வரை சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

சுப்பையாவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 'பஸ்' என்று ஆங்கிலத்தில் எழுத வரும் மெல்லிய ஒலி அந்தப் பேரில் இருக்கிறது. இங்கேயும் மலேசியாவிலும் எழுத்தைப் பார்த்து வல்லினமாகவே சொன்னோம், வல்லினமாகவே எழுதினோம். லட்சுமி இன்னும் சுவாரசியம். தமிழ்நாட்டில் வடமொழிப்படி எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தில் 'டொக்டர் டி'யும் 'சி எச்'சும் சேர்த்து ஒன்று, 'எக்ஸ்' போட்டு இன்னொன்று. நம் மலையகத்திலும் மலாயாத் தோட்டங்களிலும் மட்டும் அச்சு அசலாக ஒரே ஸ்பெல்லிங்: லெ-ட்-சு-மி, லெ-ட்-சு-ம-ண-ன். கடல் தாண்டி இரண்டு நாட்டில் ஒரே பேர் ஒரே மாதிரி எழுதப்பட்டதற்கு ஒரு காரணம்தான் எனக்குத் தெரிகிறது. இரண்டு இடத்திலும் நம் பாட்டிமார் "லெச்சுமிங்க" என்று சொன்னதைத் தோட்ட ஒஃபீசில் இருந்தவர் கேட்டபடி எழுதினார். படித்தவர்கள் இந்த ஸ்பெல்லிங்கைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கோ இது நம் கிழவிகளின் குரலை அப்படியே பிடித்து வைத்திருக்கிற ஸ்பெல்லிங். வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு லெட்சுமி இருந்தால், நாகரிகம் என்று சொல்லி அதை மாற்றாதீர்கள்.

நம் முஸ்லிம் சகோதரருக்கு இந்தப் பாடு இரட்டிப்பு. ரிள்வான் என்கிற பேர் ஒன்று போதும். சுவர்க்கத்தின் வாசலைக் காக்கும் மலக்கின் பேர். அதன் நடுவில் இருக்கும் அரபு எழுத்து தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. பாரசீகமும் உருதுவும் அதை 'ஸ' போலச் சொன்னதால் வடஇந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ரிஸ்வான். மலாய்க்காரர் அதை 'த' பக்கம் கொண்டுபோய் ரிதுவான் ஆக்கினார்கள். இலங்கையில் அந்த எழுத்துக்கு நாக்கை மேலண்ணத்தில் பதித்து 'ழ'வுக்கும் 'ல'வுக்கும் நடுவில் ஒன்று சொன்னார்கள்; அப்படித்தான் றமழான் வந்தது, ரில்வான் வந்தான். தமிழ்நாட்டுக் கரையில் அதே நோன்பு மாதம் ரமலான். ஒரே தெருவில் ரிஸ்வானும் ரில்வானும் இருப்பார்கள். இரண்டும் ஒரே பேர் என்று அந்த இரண்டு பிள்ளைக்கும் தெரியாது. மார்க்கப் படிப்புப் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவர், வாப்பாவின் பேர் 'பிழை' என்று சொல்லித் தன் அடையாள அட்டையில் அரபு உச்சரிப்புப்படி தகப்பன் பேரை மாற்றக் கேட்டால், நான் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அது என் தொழில். ஆனால் என்னிடம் அபிப்பிராயம் கேட்டால், வாப்பா அறுபது வருஷம் ரில்வானாக வாழ்ந்துவிட்டார், அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சிங்கள வாய்க்கு வருவோம். பலர் நினைப்பதுபோல் சிங்களவர் வேண்டுமென்று நம் பேரைக் கெடுப்பதில்லை. பேச்சுச் சிங்களத்தில் ல, ள வித்தியாசம் போய்விட்டது. ன, ண வித்தியாசமும் அப்படியே. ஆகவே முரளி 'முரலி' ஆகிறான், கண்ணன் 'கன்னன்' ஆகிறான். சொல்லின் முடிவில் ஓர் அகரம் வைத்து முடிப்பது அவர்கள் வாய்க்குச் சுகம். அதனால் சிவகுமார் 'சிவகுமார' ஆகிறான். நாம் மட்டும் என்னவாம்? கம்பொல நமக்குக் கம்பளை, மாத்தலே மாத்தளை, பேராதெனிய பேராதனை. அவர்கள் 'மஹநுவர' என்று சொல்லும் இந்த நகரத்துக்கே, 'கந்த உட ரட்ட' என்ற சிங்களப் பேரைப் பரங்கியர் கடித்துத் துப்பியதில் மிஞ்சிய கண்டியைத்தான் நாமும் வைத்திருக்கிறோம். யாரும் யார் மேலும் வழக்குப் போடவில்லை.

அவர்கள் பேச்சில் போன ல, ள வித்தியாசம் எழுத்தில் போகவில்லை என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிங்களப் பிள்ளைகள் பாடசாலையில் தந்தஜ லயன்ன, மூர்தஜ ளயன்ன என்று இரண்டையும் மனப்பாடம் செய்கிறார்கள். நம் 'ண'வுக்கு ஒரு ணயன்ன உண்டு. 'ஞ'வுக்கும் எழுத்துண்டு. அதுபோக க, த, ப எல்லாவற்றுக்கும் வல்லொலிக்கு ஒன்று, மெல்லொலிக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். கோபாலுக்கு எந்தக் 'க', கந்தசாமிக்கு எந்தக் 'க' என்பதைத் தமிழ் எழுத்தைவிடச் சிங்கள எழுத்து தெளிவாகச் சொல்லும். முக்கியமாக 'ழ'வும் 'ற'வும்தான் அவர்களிடம் இல்லை. தமிழிலிருந்து நேரே சிங்களத்துக்கு எழுதினால் நம் பேர் கிட்டத்தட்ட முழுசாகப் போய்ச் சேரும். நடப்பது அதுவல்ல. தமிழ்ப் பேரை யாரோ ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அந்த ஆங்கிலத்தைப் பார்த்து இன்னொருவர் சிங்களத்தில் எழுதுகிறார். அந்தச் சிங்களத்தைப் பார்த்து மூன்றாமவர் திரும்பத் தமிழில் எழுதுகிறார். ஞானசேகரன் ஆங்கிலத்துக்குப் போகும்போது முன்னால் ஒரு 'ஜி' ஏறிக்கொள்ளும். திரும்பி வரும்போது 'க்னானசேகரன்' ஆகியிருப்பார். யாழினியின் 'ழ'வுக்கு 'இஸட் எச்' போட்டிருந்தால் யாஸினி ஆவாள். தங்கம் 'தன்கம்' ஆகும்.

அடையாள அட்டை நம் கைக்கு வந்தது 1972இலிருந்து. வடக்கு, கிழக்குக்கு வெளியே அதில் நெடுங்காலம் சிங்களம் மட்டும்தான். 2014இலிருந்துதான் தமிழும் சேர்த்து எழுதுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் நாற்பது வருஷமாகத் தன் பேரைத் தமிழில் பார்க்காத அட்டைக்குத் தமிழ் எங்கிருந்து வரும்? சிங்களத்தைப் பார்த்து எழுதத்தான் வேண்டும். நீங்கள் சரியான தமிழை எழுதிக் கொடுக்காவிட்டால் அங்கே இருப்பவர் கற்பனையைத்தான் கூப்பிடுவார்.

'டினேஷ்' என்று பேர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் தினேஷ். இங்கே ஆங்கில எழுத்தைப் பார்த்து டினேஷ், டிலக்ஷன், டில்ஷான் என்று மடக்கு நாக்கில் சொல்லப் பழகிவிட்டோம். சிங்களவர் அதே தினேஷைப் பல்லில்தான் சொல்கிறார்கள். சிங்களத்தில் இந்த இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து. பதிவாளரிடம் 'டினேஷ்' என்று வாயால் சொன்னால் அவர் மடக்கு எழுத்தைப் போடலாம், தனக்குத் தெரிந்த தினேஷ் என்று நினைத்துப் பல்லெழுத்தைப் போடலாம். எதுவானாலும் சரி, ஆனால் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். நம் தாத்தாமாருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை என்பதால்தான். இந்தியக் கரையில் மண்டபம் முகாமிலிருந்து தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பும்போது கழுத்தில் ஒரு தகரத் துண்டு; அதில் எண் இருந்தது, தோட்டத்தின் அடையாளம் இருந்தது. தோட்டத்தின் ஆள் இடாப்பான செக்ரோலில் பேர் ஏறியது கணக்கப்பிள்ளையின் காதுக்கு எட்டியபடி. அதற்குப் பிறகு 1949ஆம் ஆண்டின் இந்தியர், பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தாய் என்று காகிதத்தால் காட்டு என்றது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பிறகு 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஆட்களை எண்ணிப் பங்கு போட்டார்கள். இங்கே மிஞ்சியவர்களின் கணக்குத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் காகிதமே தலையெழுத்தாக இருந்த சனம் நாம். கறுப்பாயியா கருப்பாயியா, இரண்டும் ஒருத்தியா என்ற கேள்வியைக் கேட்க மேசைக்கு அந்தப்பக்கம் எப்போதும் ஓர் ஆள் இருந்தார்.

தென்னாபிரிக்காவுக்குப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் பாருங்கள். 1860 நவம்பரில் மெட்ராசிலிருந்து முதல் கப்பல் டர்பனில் போய் இறங்கியது. கவுண்டர் அங்கே கொவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், நாயுடுவுக்கு வாலில் இரண்டு 'ஓ' முளைத்தது. இன்றைக்கு அங்குள்ளவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே சொல்கிறார்கள். கொவெண்டர் என்பது இப்போது கவுண்டரின் பிழையல்ல, தனிப் பேர். அதில் எனக்கு வருத்தமில்லை. பேர் அப்படித்தான் வேர்விடும். வேறு வழி இருந்தும் அப்படி நடக்கவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழா சிங்களமா என்று சட்டென்று தெரியாத பேர்களை வைத்த வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. அந்த ஜூலையைப் பற்றிச் சொல்லும் கதைகளில், வாளியைக் காட்டி அதன் சிங்களப் பேரைச் சொல்லவைத்து, முதல் எழுத்து வாயில் எப்படி வருகிறது என்று பார்த்து ஆளைப் பிரித்த கதை திரும்பத் திரும்ப வரும். ஒலி ஓர் உயிரின் விலையாக இருந்த நாட்கள் அவை. அந்தப் பயத்தில் வைத்த பேர்களைக் கேலி செய்ய நான் ஆளில்லை; அந்தத் தாய் தகப்பனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. இன்றைக்கும் அப்படி ஒரு பேர் வைக்க விரும்பினால் வையுங்கள். ஆனால் "சிங்களவருக்குச் சொல்ல லேசாக இருக்கும்" என்பது மட்டும் காரணமென்றால் கொஞ்சம் யோசியுங்கள். பக்கத்து வீட்டு அக்கா உங்கள் கனிமொழியைக் 'கனிமொலி' என்று அன்பாகக் கூப்பிட்டால் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. 'ழ'வைச் சொல்ல நம் வாய்க்கே தடுமாற்றம். யாழ்ப்பாணத்தாரும் பேச்சில் 'ள' என்றுதான் சொல்கிறார்கள். வாய்கள் எப்படியும் சொல்லட்டும்; காகிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எண் சாத்திரக்காரரைப் பற்றிச் சுருக்கமாக. கூட்டுத்தொகை சரிவரவேண்டும் என்று ஆங்கிலப் பேரில் அவர் சொருகும் கூடுதல் 'வி'யும் 'எச்'சும் லிகிதரின் கையில் சிக்கும்போது திவ்யா 'திவ்வ்யா' ஆகி, சிங்களத்தில் 'திவ்வியாஹ்' ஆகும். அதிர்ஷ்டம் வருமோ வராதோ, சத்தியக் கடதாசி நிச்சயம் வரும்.

ஆகவே போகுமுன் செய்யவேண்டியது இதுதான். முதலில் பேரைத் தமிழில் தீர்மானியுங்கள்: ஜவா சவா, ஷவா சவா, ரவா றவா, குறிலா நெடிலா என்பதையெல்லாம் வீட்டிலேயே பேசி முடியுங்கள். பிறகு நம் தெருவிலேயே சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் சிங்கள மொழிமூலம் படிக்கிறார்கள். ஆங்கிலத்தைக் காட்டாதீர்கள். தமிழைச் சொல்லி, அதிலிருந்து நேரே சிங்களத்தில் எழுதச் சொல்லுங்கள். எந்த ளயன்ன, எந்த ணயன்ன என்று கேட்டு எழுதுவாள். கடைசியாக ஆங்கிலம். தகப்பன் பேரையும் இதே மாதிரி மூன்றிலும் எழுதுங்கள். தகப்பனின் அடையாள அட்டையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள், உங்களுக்குப் பிடித்தபடி அல்ல. மூன்று வரியையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி; 1988இல் வந்த 16ஆம் திருத்தம் சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பிரதேசத்திலும் நீங்கள் தமிழில் அலுவல் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறது. அதைச் சண்டை போட்டுக் கேட்கத் தேவையில்லை. "சேர், தமிழ்ப் பேர் இப்படித்தான் இருக்கணும், சிங்களத்துல இப்படி எழுதிட்டு வந்திருக்கோம்" என்று தாளை நீட்டுங்கள். அநேகமாக அவருக்கும் அது நிம்மதிதான். யாருடைய பேரையும் ஊகித்து எழுத எந்த உத்தியோகத்தருக்கும் ஆசையில்லை.

எழுதி முடித்து ஒப்பமிடக் கொடுப்பார்கள். அவசரப்படாதீர்கள். உங்களுக்குச் சிங்களம் வாசிக்க வராவிட்டால், பக்கத்தில் நிற்கும் யாரையாவது, உங்களைத் தெரியாத ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது, அந்தப் பேரைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் வாசிப்பது நீங்கள் பிள்ளையைக் கூப்பிடும் பேராகக் காதில் விழுந்தால் ஒப்பமிடுங்கள். இல்லாவிட்டால் பேனாவைக் கீழே வையுங்கள்.

அன்புடன்,
கண்டியில் உங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர்
மஹய்யாவ